ஆடுகளம் தேடி வந்த விளம்பரம்

இளவட்டப் பையன் கையில் காசு குறைவு, ஆசை அதிகம் என்பது வியாபாரிகளுக்கு எந்தக் காலத்திலும் தெரியும். அவன் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் விரித்துப் படிக்க மாட்டான், கடைத்தெருவில் நின்று பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க மாட்டான் என்பதும் தெரியும். அவனைத் தப்பாமல் பிடிக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: அவன் விளையாடுகிற இடம். கபடிக் களத்தில் தொடங்கி, கிரிக்கெட் ஒளிபரப்பு வழியாக, இன்று கைப்பேசி ஆட்டங்களுக்குள் வந்து நிற்கிற விளம்பரத்தின் கதை முழுக்க அந்த இடத்தைத் தேடி அலைந்த கதைதான். அதில் கொஞ்ச தூரம் நானும் கூடவே நடந்திருக்கிறேன். ராசிங்காபுரத்தில் சுவர் எழுதிப் பிழைத்தவன் நான்.

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற சாலையில், மேற்கே மலையைப் பார்த்தபடி இருக்கிறது எங்கள் ஊர். விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வந்து நிற்கும். ஆண்களும் பெண்களும் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏலத் தோட்டங்களில் இறங்குவார்கள். காய் எடுக்கப் பெண்கள், மருந்தடிக்கவும் மூட்டை சுமக்கவும் பையன்கள். வாரச் சம்பளம் கையில் விழும் பையன்கள் அதிகமுள்ள ஊர் என்பதால், எண்பதுகளிலேயே கம்பெனி ஏஜென்டுகள் எங்கள் பக்கம் அடிக்கடி வந்து போனார்கள்.

எந்தச் சுவரில் எதை எழுதுவது என்பதற்குத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. உரம், பூச்சிமருந்து என்றால் களத்துமேடு, கமிஷன் மண்டிப் பக்கம். சோப்பு, டீத்தூள் என்றால் தண்ணீர்க் குழாய்க்கு எதிர்ச் சுவர். பீடி, பனியன், சைக்கிள் என்றால் கபடி மைதானத்தைப் பார்த்த சுவர், இல்லையென்றால் ஜீப் நிற்கிற இடம். மைதானத்துச் சுவருக்கு ஏஜென்ட் கூடுதலாகக் கூலி தருவார். தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம், அதே பத்து நாற்பது பையன்கள், அதே சுவருக்கு எதிரே. வேறு எங்கே கிடைக்கும் அப்படி ஒரு கூட்டம்?

அந்தச் சுவரில் எழுதும் முறையே தனி. முதலில் பழைய எழுத்தைச் சுரண்டி, சுண்ணாம்பில் துளி நீலம் போட்டு இரண்டு கை வெள்ளை அடிக்க வேண்டும். நூலை நீலப்பொடியில் புரட்டி, ஆளுக்கு ஒரு முனையாகச் சுவரோடு இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். வண்ணப்பொடி ஒட்டிக்கொள்ள வஜ்ஜிரம் காய்ச்சிக் கலக்க வேண்டும். நீர்த்துப்போனால் அடுத்த மழையில் எழுத்து வடியும். சாலையைப் பார்த்த சுவரில் எழுத்தை உயரத்தில் வைப்போம், பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்குப் படும்படி. மைதானத்துச் சுவரில் அடிக்கோடு தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் போகக்கூடாது. களத்தைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவன் கண் அந்த உயரத்தில்தான் ஓடும். ரைடு போகிறவனோடு சேர்ந்து அவன் பார்வையும் இடமும் வலமும் போகும். போகிற வழியில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் போடியில் சினிமாத் தட்டி எழுதிய என் குரு.

சுவருக்குச் சொந்தக்காரரிடம் கேட்காமல் யாரும் எழுத முடியாது. பெரும்பாலும் காசு கிடையாது. வெள்ளை அடித்துத் தருகிறோம் என்பதுதான் பேரம். ஒருமுறை மைதானத்துச் சுவரில் பீடி விளம்பரம் எழுத ஏஜென்டோடு போனேன். வீட்டுக்காரப் பெரியாத்தா திண்ணையிலிருந்து இறங்கி வந்தார். "ஏன்டா தம்பி, எம்பேரன் பொழுதன்னைக்கும் அதைப் பாத்துக்கிட்டே வெளையாடணுமா? சோப்பு கீப்பு இருந்தா எழுதிட்டுப் போ" என்றார். ஏஜென்ட் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார், கதை நடக்கவில்லை. கடைசியில் அந்தச் சுவரில் ஒரு பனியன் கம்பெனி ஏறியது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனுஷி, எங்கள் ஊர் இளவட்டங்களின் கண்ணில் எது படலாம், எது படக்கூடாது என்பதைத் திண்ணையிலிருந்தே தீர்மானித்தார்.

கபடிப் போட்டியிலும் அதே நடைமுறைதான். பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ போட்டி வைத்தால், துண்டு நோட்டீஸில் பாதி இடம் உபயதாரர் பெயர்களுக்கே போய்விடும். முதல் பரிசு ரொக்கம் ஒருவர், சுழற்கோப்பை ஒருவர், பனியன் உபயம் ஒருவர், மைக்செட் ஒருவர், டியூப்லைட் ஒருவர். ஏலக்காய் வியாபாரி, ஜீப் முதலாளி, ஜவுளிக்கடைக்காரர், ஆஸ்பத்திரி டாக்டர் என்று எல்லோரும் இருப்பார்கள். இரண்டு ரைடுக்கு நடுவே மைக்கில் அவர்கள் பெயர் வந்துகொண்டே இருக்கும். அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி ஜல்லிக்கட்டுகளிலும் மாடு வாடிவாசலை விட்டு வருவதற்குள் அண்டா கொடுத்தவர், கட்டில் கொடுத்தவர், சைக்கிள் கொடுத்தவர் பெயரை வர்ணனையாளர் மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பார். யாரிடம் உபயம் வாங்கலாம், யாரிடம் கூடாது என்று விழாக் கமிட்டி கூடிப் பேசும். சாராயக்கடைக்காரர் பணம் நீட்டினால் கை நீட்டி வாங்கலாமா என்று இரவு முழுக்கச் சண்டை நடந்த கமிட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். வாங்கிய கமிட்டியும் உண்டு, வேண்டாமென்ற கமிட்டியும் உண்டு. எதுவானாலும் அது ஊர் கூடிப் பேசிய விஷயமாக இருந்தது.

பையன்களின் ஆட்டத்துக்குள் ஊரைக் கேட்காமல் விளம்பரம் முதலில் நுழைந்தது மிட்டாய்க்கடை வழியாகத்தான். கோல்ட் ஸ்பாட் பாட்டிலின் மூடிக்கு உள்ளே ஜங்கிள் புக் படங்கள் வந்தன. பிக் ஃபன் பபிள்கம்மில் கிரிக்கெட் வீரர் படமும் ரன் கணக்கும் வந்தன. ரன் சேர்த்துக் கொடுத்தால் பரிசு. கபில்தேவ் படத்துக்காகப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பண்டமாற்றே நடந்தது. விளம்பரத்தைப் பார்க்கிற நிலையிலிருந்து விளம்பரத்தை வைத்தே விளையாடுகிற நிலைக்குப் பையன்கள் வந்துவிட்டார்கள். பின்னாளில் நடந்த எல்லாவற்றுக்கும் விதை அங்கே விழுந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்தது டிவி. 1996இல் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் சேர்ந்து நடத்திய உலகக் கோப்பைக்குப் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. ஐ.டி.சி. நிறுவனத்தின் சிகரெட் பெயர் அது. சச்சின் சட்டையிலும் அதுதான். எங்கள் ஊரில் டிவி இருந்த வீடுகளின் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்த பையன்களுக்கு சிகரெட்டின் பெயரும் இந்திய அணியின் பெயரும் ஒரே மூச்சில் வரும். பெரியாத்தா தன் சுவரில் தடுத்த பொருளின் பங்காளி, டெல்லியிலிருந்து நேராக வீட்டுக்குள் இறங்கிவிட்டது. தடுக்க வேண்டிய இடமும் டெல்லியாகிவிட்டது. 2001இல் ஐ.டி.சி. விளையாட்டு விளம்பரங்களிலிருந்து விலகியது; அணியின் சட்டையில் வில்ஸ் போய் சஹாரா வந்தது. 2003இல் புகையிலை விளம்பரத் தடைச் சட்டம் வந்து, 2004 மே முதல் தேதியிலிருந்து நடைமுறையானது. வில்ஸ் போய் சஹாரா வந்தது.

இதற்கெல்லாம் முன்பே வெளிநாடுகளில் வீடியோ ஆட்டங்களுக்குள் இந்த வேலை சத்தமில்லாமல் தொடங்கியிருந்தது. 1978இல் அமெரிக்காவில் ஸ்காட் ஆடம்ஸ் என்பவர் தான் எழுதிய 'அட்வென்ச்சர்லேண்ட்' ஆட்டத்துக்குள், தன்னுடைய அடுத்த ஆட்டத்துக்கு ஒரு விளம்பரத்தைச் செருகினார். ஆட்டத்துக்குள் வந்த முதல் விளம்பரமாக அதைத்தான் சொல்கிறார்கள். 1982இல் ஜப்பானின் நாம்கோ கம்பெனி கொண்டுவந்த 'போல் பொசிஷன்' கார்ப் பந்தய ஆட்டத்தில், சாலையோரப் பலகைகளில் நிஜக் கம்பெனிகளின் பெயர்கள் வந்தன. ஓட்டுகிறவனின் கண் போகும் பாதையில் பெயரை வைப்பது. என் குரு சொன்ன மூன்றடிக் கணக்குத்தான் அது. 1983இல் பட்வைசர் பீர் கம்பெனியின் பெயரோடு 'டேப்பர்' என்ற ஆட்டம் மதுக்கடைகளுக்காக வந்தது. அது சிறுவர்கள் விளையாடும் கூடங்களுக்குப் போகும்போது பீரை எடுத்துவிட்டு, 'ரூட் பீர்' என்ற போதையில்லாத குளிர்பானத்தை வைத்தார்கள். கடல் தாண்டியும் அந்தக் கேள்வி எழுந்திருக்கிறது, பிள்ளைகள் கண்ணில் இது படலாமா என்று.

அமெரிக்க ராணுவம் 2002 ஜூலை 4 அன்று 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை இலவசமாக வெளியிட்டது. பட்டாளத்துக்கு ஆள் சேர்ப்பதுதான் நோக்கம். 2008 தேர்தலில் பராக் ஒபாமாவின் பிரசாரக் குழு 'பர்ன்அவுட் பாரடைஸ்' கார் ஆட்டம் உட்பட 18 ஆட்டங்களில், 10 மாநிலங்களில் விளம்பரப் பலகைகள் வைத்தது. டிவி செய்தி பார்க்காத இளைஞர்களைப் பிடிக்க வேறு வழி இல்லை என்ற கணக்கு. கட்சிகளுக்காகச் சுவர் பிடித்துக் கொடுத்தவனுக்கு இதில் ஆச்சரியம் எதுவுமில்லை. ஓட்டுக் கேட்கிறவனும் பொருள் விற்கிறவனும் கடைசியில் ஒரே சுவருக்குத்தான் போட்டி போடுவார்கள்.

எங்கள் பக்கம் முதலில் வந்தவை டிவியில் கேசட் செருகி ஆடும் ஆட்டங்கள். மரியோ, கான்ட்ரா. போடியில் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விளையாட விட்ட கடைகள் இருந்தன. அதற்குப் பிறகு ப்ரவுசிங் சென்டர்கள். அப்படி ஒரு சென்டருக்குப் பெயர்ப்பலகை எழுதப் போனபோதுதான் இ.ஏ. கம்பெனியின் 'கிரிக்கெட் 07' ஆட்டத்தைப் பார்த்தேன். 2006 கடைசியில் வந்த ஆட்டம் அது. உரிமை வாங்காததால் இந்திய வீரர்களின் பெயர்கள் அதில் சரியாக இருக்காது, சட்டையும் வேறு. நம் பையன்களுக்கு அது பொறுக்கவில்லை. நாடெங்கும் இருந்த ரசிகர்கள் தாங்களாகவே கம்ப்யூட்டரில் வேலை பார்த்து, சரியான பெயரையும் சஹாரா எழுத்துள்ள சட்டையையும் ஆட்டத்துக்குள் ஏற்றினார்கள். 2008இல் ஐ.பி.எல். வந்தவுடன் அதன் உபயதாரர் டி.எல்.எஃப். பெயரோடு எல்லைக்கோட்டுப் பலகைகள் உட்பட எல்லாம் வந்துவிட்டன. அந்தக் கம்பெனிகள் அதற்காக இவர்களுக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. விளம்பரம் இல்லாத மைதானம் பையன்களுக்குப் பொய்யான மைதானமாகத் தெரிந்திருக்கிறது. விளம்பரத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஏறக்குறைய அதே வருஷங்களில் ஃப்ளெக்ஸ் வந்து என் தொழில் படுத்துவிட்டது.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. டேட்டா மலிந்தது. அதற்குள் கைப்பேசியும் மலிந்திருந்தது. விலை குறைந்த போனிலும் ஓடும் என்பதால் 'ஃப்ரீ ஃபயர்' எங்கள் ஊர்த் தெருவெல்லாம் பரவியது. கொஞ்சம் நல்ல போன் வைத்திருந்தவர்கள் 'பப்ஜி'. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி ஒன்று. அது 2021இல் 'பி.ஜி.எம்.ஐ.' என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை வந்தது. 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' தொடர்ந்து ஓடியது.

இவற்றுக்குள் விளம்பரம் பலகையில் நிற்பதில்லை. ஆளாகவே வருகிறது. 2020இல் ஹிருத்திக் ரோஷனை வைத்து 'ஜெய்' என்ற பாத்திரத்தை ஃப்ரீ ஃபயர் இறக்கியது. 2023 ஆகஸ்டில், இந்தியாவுக்கெனத் தனியாக வரவிருந்த ஃப்ரீ ஃபயருக்குத் தோனியைத் தூதராக அறிவித்து, 'தல' என்ற பெயரிலேயே ஒரு பாத்திரம் வரும் என்றார்கள். சென்னை ரசிகர்கள் வைத்த பெயர் அது. அந்த ஆட்டத்தின் வெளியீடு தள்ளிப்போனது. ஆனால் அறிவிப்பு வந்த அன்று எங்கள் ஊர் டீக்கடையில் பையன்கள் பேசியது அதை மட்டும்தான். 2025இல் ராயல் என்ஃபீல்டு பி.ஜி.எம்.ஐ.க்குள் புல்லட்டைக் கொண்டுவந்தது. திருவொற்றியூரில் தயாராகி வளர்ந்த வண்டியை, அதை வாங்கக் கூலி எட்டாத பையன் போனுக்குள் ஓட்டிப் பார்க்கிறான். இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. வண்டி விற்கிறவர் வண்டியைக் காட்டத்தான் செய்வார். எல்லோரும் பார்க்கும்படிக் காட்டுகிறார்; பிடிக்காதவர் கேள்வி கேட்கலாம்.

என் மனதை உறுத்துவது வேறொன்று. என் அக்கா மகன் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கப் போகிறவன். ஒருநாள் சாயங்காலம் கோயில் திண்ணையில் உட்கார்ந்து போனில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தான். தோற்றுவிட்டான். உடனே திரையில் ஒரு கேள்வி: 30 விநாடி விளம்பரம் பார்த்தால் இன்னொரு வாய்ப்பு. அமுக்கினான். ரம்மி விளம்பரம். இவன் வயதுப் பையன் ஒருவன் ஜெயித்த பணத்தைக் காட்டிச் சிரிக்கிறான். விளம்பரம் முடிந்தது, ஆட்டம் தொடர்ந்தது.

"மாப்ளே, அதை இன்னொரு தடவை காட்டு" என்றேன்.

"போயிருச்சு மாமா. கேட்டா வராது. ஒங்க போன்ல ஏத்துனா ஒங்களுக்கு வேற வரும்."

அவன் சொன்னதைப் பார்ப்போமென்று அதே ஆட்டத்தை என் போனில் ஏற்றினேன். எனக்கு மூட்டுவலித் தைலம் வந்தது. அப்புறம் கடன் தரும் செயலி. ரம்மி வரவே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஆட்டத்தை ஆடுகிற எங்கள் இருவருக்கும் சுவர் வேறு வேறாக இருந்தது. ஒவ்வொரு போனுக்கும் விளம்பரத்துக்கென ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண்ணுக்குரியவர் எதைப் பார்க்கிறார், எதை ஏற்றுகிறார், எந்த ஊரில் இருக்கிறார் என்பதை வைத்து, விளம்பர இடம் கண் இமைக்கும் நேரத்துக்குள் ஏலம் போகிறது. போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும்போது என்ன விலைக்குப் போனது என்பது கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். என் அக்கா மகனின் அந்த 30 விநாடியை யார் என்ன விலைக்கு எடுத்தார் என்பது அவனுக்கே தெரியாது.

ரம்மி விளம்பரங்கள் செய்த கேடு தமிழ்நாட்டுக்குத் தெரியும். கடன்பட்டு உயிரை விட்ட இளைஞர்களின் செய்தி வராத மாதம் குறைவாக இருந்த காலம் ஒன்று இருந்தது. 2020 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இத்தகைய விளம்பரங்களில் நடித்த விராட் கோலி, சௌரவ் கங்குலி உள்ளிட்டோருக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமம் அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் விதிகள் கொண்டுவந்தது: 18 வயதுக்குக் குறைந்தவர் விளையாடுவதாகக் காட்டக்கூடாது, பிழைப்புக்கு வழி என்று சொல்லக்கூடாது, விளம்பரப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு எச்சரிக்கைக்கு ஒதுக்க வேண்டும். தமிழக அரசின் முதல் தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கைக்குப் பிறகு புதிய சட்டம் இயற்றினார்கள். ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விளம்பரம் செய்கிறவருக்கும் அதில் தண்டனை உண்டு. அந்த ஆண்டு நவம்பரில் ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்த பகுதியை நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த மத்திய சட்டம், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்தது. விளம்பரத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2020 ஐ.பி.எல்.லுக்கு 222 கோடி ரூபாய் கொடுத்துப் பெயர் வாங்கிய, பிறகு இந்திய அணியின் சட்டையிலும் ஏறிய ட்ரீம் 11 என்ற பணம் வைத்து ஆடும் செயலி, அந்த மாதமே சட்டையை விட்டு இறங்கியது.

சிகரெட்டுக்கு நடந்தது போலவே இதுவும் நடந்திருக்கிறது. இரண்டு முறையும் சட்டம் வந்தது விளம்பரம் வேலையை முடித்த பிறகுதான். நாளைக்கு வேறொரு பொருள் வரும். கடன் செயலி வரலாம், வெளிநாட்டுச் சூதாட்டத் தளம் வேறு பெயரில் வரலாம். தொலைக்காட்சியில் வந்தால் பத்திரிகைக்காரர் எழுதுவார், வழக்குப் போடுகிறவர் வழக்குப் போடுவார். ஒரு பையனின் போனில் மட்டும் 30 விநாடி வந்து மறைவதை யார் பார்ப்பது? பெற்றவர்களுக்குத் தெரியாது, வாத்தியாருக்குத் தெரியாது, போலீஸுக்கும் தெரியாது.

இதற்கு வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, மிகப்பெரிய தளங்கள் தாங்கள் காட்டிய விளம்பரங்களை, யார் பணம் கொடுத்தார், எத்தகையவர்களைக் குறிவைத்தார் என்ற விவரத்தோடு ஓராண்டுக்கு எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். அதே கடமையை நம் நாட்டில் ஆட்டங்களுக்குள் விளம்பரம் விற்கிற ஒவ்வொரு கம்பெனிக்கும் விதிக்க வேண்டும். தேனி மாவட்டத்தில் போன வாரம் 18 முதல் 25 வயதுப் பையன்களுக்கு என்னென்ன காட்டப்பட்டது, அதற்கு யார் பணம் கொடுத்தது என்பதை ராசிங்காபுரத்தில் இருக்கிற ஒரு தாய் தமிழிலேயே பார்க்க முடிய வேண்டும். பார்த்துவிட்டு வேண்டாமென்று சொன்னால் அது செல்லுபடியாக வேண்டும். விளம்பரத்தால் சோறு தின்றவன் சொல்கிறேன்: பட்டப்பகலில் ஊர் பார்க்க எழுத முடியாத எதையும் எங்கள் பிள்ளைகளின் ஆட்டத்துக்குள் எழுத யாருக்கும் உரிமை கிடையாது.